ஓடிபிக்கு மட்டும் ஃபோன்

திருப்பூரில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். பனியன் கம்பெனி, செக்கிங் யூனிட், பிரிண்டிங் பட்டறை, இரண்டு மூன்று மளிகைக் கடை என்று நாற்பது பேருக்குக் கிட்டத்தட்டக் கணக்கு பார்க்கிறேன். இந்தத் தொழிலில் ஃபோனை ஒதுக்கிவிட முடியாது. ரிட்டர்ன் போட, அதாவது வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய, ஓடிபி வேண்டும், பில்லெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதனால் "ஃபோனை அணைத்துவிடுங்கள்" என்று தொடங்கும் அறிவுரைகள் எனக்கு உதவாது. ஃபோன் அதே அறையில் இருக்க, அதைத் தொடாமல் வேலை ஓடுவதற்கு நான் வைத்திருக்கும் காகித ஏற்பாட்டை எழுதுகிறேன். நோட்டு, காலண்டர், பென்சில், பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர், இவ்வளவுதான் சாமான்.

முதல் வேலை உளவு பார்ப்பது. ஒரு துண்டுத் தாளை ஃபோன் பக்கத்தில் வையுங்கள். ஃபோனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்கு எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் எழுதினால் போதும், விஷயம் புரிந்துவிடும். வேலை நடுவில் ரீல்ஸ் பார்க்கலாம் என்று நினைத்து யாரும் ஃபோனை எடுப்பதில்லை. மணி பார்க்க எடுக்கிறோம். தேதி பார்க்க, ராகு காலம் முடிந்ததா என்று பார்க்க, ஒரு கூட்டல் போட, யாருடைய ஜிஎஸ்டி நம்பரையாவது தேட எடுக்கிறோம். எடுத்த காரணம் நியாயமானதுதான். ஆனால் திரையைத் திறந்ததும் நாலு மெசேஜ் காத்திருக்கும், அங்கிருந்து எங்கெங்கோ போய்விடும். மன உறுதி, டிஜிட்டல் விரதம் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நியாயமான காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஃபோனுக்கு வெளியே ஓர் இடம் செய்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மணிக்குச் சுவர்க் கடிகாரம், கூட்டலுக்கு மேஜைக் கால்குலேட்டர். தேதி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் தினசரி காலண்டரிலேயே இருக்கிறது. நம்பர்களுக்கு ஒரே ஒரு தாள். ஜிஎஸ்டி நம்பருக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலத்தின் எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 அவருடைய பான். அதனால் பெயர், பான், கடைசி மூன்று என்று கட்டம் போட்டு எழுதினால் பானும் ஜிஎஸ்டி நம்பரும் ஒரே வரியில் கிடைத்துவிடும். அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்காதீர்கள், எதிரே உட்காருபவர் படிப்பார். பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு டிராயருக்குள் வையுங்கள்.

அடுத்தது மாத நோட்டு. இதைச் செய்யத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறைதான். எங்கள் மாதமே தேதிகளால் ஆனது: 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ல் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15-ல் தொழிலாளர்களின் பிஎஃப், இஎஸ்ஐ, 20-ல் ஜிஎஸ்டி வரியைக் கட்டிப் போடும் 3பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 13, 22 என்று தனி. யாருக்கு எது முடிந்தது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

கோடு போட்ட, 40 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். தடிமனான நோட்டு வேண்டாம், வரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைசித் தாளில், வலது ஓரத்தில், வரிக்கு ஒன்றாகக் கட்சிக்காரர்களின், அதாவது நாம் கணக்கு பார்த்துக் கொடுப்பவர்களின், பெயர்களை எழுதுங்கள். ஒரு பக்கம் போதவில்லை என்றால் இரண்டாவது நோட்டு போடுங்கள், வரிக்கு இரண்டு பெயரை நெருக்காதீர்கள். அப்புறம் அதற்கு முந்தைய தாள்கள் எல்லாவற்றிலும் வலது ஓரத்தை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி எடுங்கள். இப்போது எந்தத் தாளைத் திருப்பினாலும் வலது ஓரத்தில் அதே பெயர் வரிசை தெரியும். ஒவ்வொரு மாதமும் பெயரெழுதும் வேலை மிச்சம். மாதத்துக்கு ஒரு வலப்பக்கம், அதில் தேதி வாரியாகக் கட்டம். எதிரில் இருக்கும் இடப்பக்கம் குறிப்பெழுத.

கட்டத்துக்குள் நான் வார்த்தை எழுதுவதில்லை. பில் வந்துவிட்டால் ஒரு சாய்கோடு. தாக்கல் ஆனதும் இன்னொரு கோடு, பெருக்கல் குறியாகிவிடும். ஏதாவது சிக்கி நின்றால் கட்டத்தைச் சுற்றி வட்டம், காரணம் எதிர்ப்பக்கத்தில். சாய்கோட்டுக்குப் பென்சில், முடிந்த கோட்டுக்குப் பேனா. 18-ம் தேதி வாக்கில் நோட்டைத் திறந்தால் வெறும் கட்டங்கள் கண்ணில் குத்தும், அவர்களுக்கு மட்டும் ஃபோன் போட்டால் போதும். "ஏனுங்க அக்கா, பில் நேத்தே அனுப்பிட்டேனுங்களே" என்று யாராவது சொன்னால் நோட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம், வாட்ஸ்அப்பைத் துழாவ வேண்டியதில்லை.

நாளுக்கான தாள் இன்னும் எளிது. தினசரி காலண்டரில் கிழித்த நேற்றைய தாளின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் தட்டுவதற்கு முன்னால் அதில் இன்றைய வேலைகளை எழுதுகிறேன். தாள் சின்னது என்பதால் ஐந்தாறுக்கு மேல் எழுத முடியாது, அது நல்லதுதான். ஜெல் பேனா ஊறிவிடும், பால்பாயின்ட் அல்லது பென்சில் எடுங்கள். வேலை நடுவில் "கரன்ட் பில் கட்டவில்லையே" என்று ஏதாவது தோன்றினால் அதையும் தாளின் கீழ் மூலையில் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தோன்றியதும் ஃபோனை எடுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் மிச்சம் இருப்பதை மறுநாள் தாளுக்குக் கையால் மாற்றி எழுத வேண்டும். இது சலிப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்க்காதீர்கள். ஒரே வேலையை மூன்றாவது முறை எழுதும்போது கைக்கே கோபம் வரும். ஒன்று அதை முதல் வேலையாக முடித்துவிடுவோம், அல்லது வேண்டாம் என்று அடித்துவிடுவோம். 2013-ல் ரைடர் கரோல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் முறையிலும் அடிப்படை இதுதான்: புள்ளி வைத்தால் வேலை, பெருக்கல் போட்டால் முடிந்தது, அம்புமுனை போட்டால் தள்ளிவைத்தது. இப்போது அந்தப் பெயரில் வண்ண டேப், ஸ்டிக்கர், பூ வேலைப்பாடு என்று காட்டுகிறார்களே, அது தனிப் பொழுதுபோக்கு. பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

முடிந்த நாளின் தாளைக் கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பியில் குத்திவிடுகிறேன். நாள் வரிசை தானாகவே வந்துவிடும்.

கையில் வரும் காகிதங்களுக்குக் கவர். மாதத்துக்கு 12, தேதிக்கு 31 என்று 43 கவர் வைக்கும் முறை ஒன்று உண்டு. எங்கள் தொழிலுக்கு அவ்வளவு தேவையில்லை. கல்யாணப் பத்திரிகைக் கவர் நான்கில் 7, 11, 15, 20 என்று தடித்த எழுத்தில் எழுதி, வரும் சலானையும் பில்லையும் எந்தத் தேதிக்கு வேண்டுமோ அதில் போட்டுவிட்டால் போதும்.

இனி அந்த ஓடிபி. அது கட்சிக்காரரின் ஃபோனுக்குத்தான் போகும், அவர் எனக்குச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக ரிட்டர்ன் போட்டால் நாள் முழுக்க ஃபோன் கையில்தான். அதனால் கணக்கையெல்லாம் சரிபார்த்து, தாக்கலுக்குத் தயாராக நிறுத்திவைக்கிறேன். ஒரு துண்டுத் தாளில் பெயர், செல் நம்பர், கட்ட வேண்டிய தொகை மூன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு, 11 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து எல்லாருக்கும் போடுவேன். முதலில் கூப்பிட்டு, "ஃபோனைக் கையிலேயே வெச்சுக்குங்க, இப்ப ஓடிபி வரும், இவ்வளவு தொகை" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பட்டனை அழுத்துவது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, அவற்றை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் ஃபோன் அறையின் எதிர் மூலையில், ஸ்டூல் மேல், மணிச்சத்தம் மட்டும் கேட்கும்படி இருக்கும். அழைப்பு வந்தால் எழுந்துபோய் நின்றுகொண்டே பேசுவேன். நின்றுகொண்டு ரீல்ஸ் பார்க்கக் கால் ஒத்துழைக்காது.

கட்சிக்காரர்களுக்கு இந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் பார்க்கும் நேரம் 11, 4 என்று எழுதி வாசலிலும் ஒட்டிவைத்தேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களே 10:45-க்கு அனுப்பப் பழகிவிட்டார்கள்.

காகிதத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. 2பி-யோடு (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) கொள்முதல் பில்லை ஒப்பிடுவது எக்செல் வேலை, அதை நோட்டில் செய்தால் கண்தான் போகும். போர்ட்டல் பாஸ்வேர்டை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். மாத நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதால் 20-ம் தேதி முடிந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.