குழாயும் தகடும் ஒட்டாத கதை

கடலூர் முதுநகரில் ஒரு விசைப்படகின் எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வரைந்தேன். 12 மில்லிமீட்டர் தகடு. அதில் வெட்டிய காடியில், அதாவது பள்ளத்தில், 3 மில்லிமீட்டர் புதையும் குழாய். காடியை வெட்ட மறந்து, குழாயை அப்படியே தகட்டுக்குள் செருகிவிட்டேன். சுமையைத் தாங்குமா என்று மென்பொருளில் கணக்கிட்டால், திரையில் குழாய் பல கிலோமீட்டர் பறந்தது. தகட்டில் தகைவே, அதாவது சுமையால் உள்ளே எழும் விசையே, இல்லை.

கணக்குக்காக மென்பொருள் உருவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலைப்பின்னலை இரண்டு நாள் பொடியாக்கிக்கொண்டே இருந்தேன். வீண் வேலை. குறுக்குவெட்டைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது: ஒரே இடத்தில் இரண்டு வலைகள், இரண்டையும் இணைக்கும் பொதுவான கணு (வலையின் முடிச்சுப் புள்ளி) ஒன்றுகூட இல்லை. அந்த 3 மில்லிமீட்டரின் எடையும் இருமுறை ஏறியிருந்தது.

"இரண்டையும் ஒன்றாக்கிவிடு தம்பி" என்றார் பட்டறை அண்ணன். ஆனால் தகடு சாதாரண எஃகு, குழாய் துருப்பிடிக்காத எஃகு. ஒன்றாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று விழும் உருவங்களைத் துண்டுகளாக வெட்டும் 'பூலியன் ஃபிராக்மென்ட்ஸ்' கருவியை எடுத்து, முறையை 'காம்ப்சாலிட்' (துண்டுகள் தனித்தனியாக, ஆனால் பொது முகங்களோடு இருக்கும் முறை) என மாற்றினேன். மூன்று துண்டுகள் கிடைத்தன: மீதித் தகடு, மீதிக் குழாய், நடுவில் மோதிரம் போன்ற பொதுப் பகுதி. மோதிரத்துக்குக் குழாயின் பொருளைக் கொடுத்தேன். எல்லை முகங்களில் இப்போது ஒரே கணுக்கள், குழாய் அசையவில்லை.

இரண்டாம் குழாய் மட்டும் அடம்பிடித்தது. அங்கே குழாய் தகட்டைத் தொடவே இல்லை, 0.02 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்கு இந்தக் கருவி உதவவில்லை, வரைபடத்தைத்தான் திருத்தினேன்.