கருமுட்டை இருப்பு குறைவு என்று சொல்லி அனுப்பினார்களா? கோலாலம்பூர் வந்ததும் செய்ய வேண்டியவை

வேலை அனுமதி கிடைத்து, வாடகை வீடு பிடித்து, வங்கிக் கணக்கும் தொடங்கியாகிவிட்டது. "எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும், அடுத்த வருடம் டாக்டரைப் பார்க்கலாம்" என்று பல தம்பதியர் இங்கே வந்து ஒத்திப்போடுகிறார்கள். இருபத்தாறு வயதில், எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லை. கருமுட்டை இருப்பு குறைவு என்று ஊரிலேயே கேட்டுவிட்டு வந்த பெண் அப்படிக் காத்திருக்கக் கூடாது. வீட்டுச் சாமான் வாங்கி முடிப்பதற்கு முன்பே ஒரு கருத்தரிப்பு மையத்தில் நாள் வாங்குங்கள். பரிசோதனை ஏதும் செய்யாதவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 40 வயதைத் தாண்டியிருந்தால் அந்த ஆறு மாதமும் வேண்டாம்.

ஊரில் எடுத்த ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் பாருங்கள். தமிழ்நாட்டு ஆய்வகங்களில் பெரும்பாலும் நானோகிராம் கணக்கு. இங்கே பல ஆய்வகங்கள் பிக்கோமோலில் தருகின்றன. மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 7.14 பிக்கோமோலுக்குச் சமம். சென்னையில் 0.9 என்று வந்தது இங்கே 6.4 என்று வரும். எண் ஏழு மடங்கு ஏறிவிட்டது, இருப்பு கூடிவிட்டது என்று மகிழ்ந்துபோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவுதான். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஏஎம்எச் குறைவாகக் காட்டக்கூடும். அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டிக்கோ எண்டோமெட்ரியோசிஸுக்கோ (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்தக் காகிதங்களும் தேவை.

ஏஎம்எச் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது, முட்டையின் தரத்தை அல்ல. தரத்தைப் பெரும்பாலும் வயதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஏஎம்எச் குறைவாக உள்ள 31 வயதுப் பெண்ணும் அதே எண் உள்ள 41 வயதுப் பெண்ணும் ஒரே நிலையில் இல்லை. எண் குறைந்தால் இயல்பாகக் கருத்தரிக்கவே முடியாது என்பதும் உண்மையில்லை. குறைவது, ஐவிஎஃப்பில் (முட்டையை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் சிகிச்சை) ஒரே சுற்றில் கிடைக்கக்கூடிய முட்டைகள். அதனால்தான் ஒரு சுற்றோடு முடியும் என்று எண்ணாமல், இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பணமும் விடுப்பும் தேறுமா என்று முதல் நாளே கணக்குப் போட வேண்டும். சில மருத்துவர்கள் சுற்றுக்குச் சுற்று கருக்களை உறையவைத்துச் சேர்த்து, பிறகு கருப்பையில் வைக்கலாம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் அது பொருந்துமா என்று கேளுங்கள்.

கணவரின் விந்துப் பரிசோதனை அதே வாரத்தில் நடக்கட்டும். ஊரிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி மனைவியிடமே போகிறது, பரிசோதனையும் அவளோடு நின்றுவிடுவது அநியாயம். கணவர் வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால், விந்தணுவை முன்கூட்டியே உறையவைப்பது நல்லது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தையும் பாருங்கள். ஐவிஎஃப் சுற்றில், மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் முட்டைகளை வளர்க்கும் ஊசி தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் பலமுறை காலையில் ஸ்கேனுக்குப் போக வேண்டியிருக்கும். கடைசி ஊசிக்குப் பின் 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள்; அந்த ஊசியின் நேரம் தவறவே கூடாது. கிள்ளானில் வீடு, நகர் நடுவே மருத்துவமனை என்றால் பெடரல் நெடுஞ்சாலை நெரிசலிலேயே பாதிக் காலை போய்விடும். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு பார்ப்பவர்கள் ஜார்ஜ்டவுனுக்கு ஓட வேண்டிய நாட்களுக்கு மேற்பார்வையாளரிடம் முன்பே பேசிவைக்கட்டும். இரண்டு வருடத்துக்குக் குறைவாகப் பணியாற்றியவர்களுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்புதான். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எத்தனை நாள் கிடைக்கும் என்று மையத்தில் கேட்டுவிட்டு, மீதத்துக்கு ஆண்டு விடுப்பை ஒதுக்கிவையுங்கள். ஊசி மருந்துகளில் சிலவற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் அல்ல.

அரசுத் தரப்பிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் கருத்தரிப்புச் சிகிச்சை உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுதல், காத்திருப்பும் உண்டு. இருப்பு குறைந்தவர்களுக்குக் காத்திருப்பே பெரிய செலவு என்பதால், கையில் பணம் இருந்தால் தனியார் மையமே மேல் என்பது என் கருத்து. எங்கே போனாலும் பதிவுத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கோயில் கல்யாணப் படம் போதாது.

தொகையைக் கேட்கும்போது "ஒரு சுற்றுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். மருந்து, மயக்க மருந்து, இக்ஸி (விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது), உறையவைத்தல், ஆண்டுக்கான சேமிப்புக் கட்டணம், உறைந்த கருவைக் கருப்பையில் வைக்கும் கட்டணம் என ஒவ்வொன்றும் விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். இருப்பு குறைந்தவர்களுக்கு மருந்தளவு கூடும். பில்லில் அதுதான் ஏறும். நிறுவனக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் வராது. வரி செலுத்தும் குடியிருப்பாளரானால் மருத்துவச் செலவுக்கான 10,000 ரிங்கிட் வரிக்கழிவில் இதுவும் சேரும், ரசீதுகளை வையுங்கள். இங்கே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு இருந்தால் அதிலிருந்து எடுக்க வழியுண்டா என்றும் விசாரியுங்கள்.

இந்தியாவில் ஏற்கெனவே கருக்களை உறையவைத்திருந்தால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுவர முடியாது. அவற்றை அங்கேயே வைத்து விடுமுறையில் போய் வருவதா, இங்கே புதிதாகத் தொடங்குவதா என்பதை ஊசி போடத் தொடங்குவதற்கு முன் முடிவுசெய்யுங்கள். தானமுட்டை பற்றி மருத்துவர் பேசினால் அவசரப்படாமல் யோசியுங்கள். முஸ்லிம் தம்பதியருக்கு இங்குள்ள மார்க்கத் தீர்ப்பு அதை அனுமதிப்பதில்லை.

டிஹெச்இஏ ஹார்மோன் மாத்திரை, வளர்ச்சி ஹார்மோன், சினைப்பையில் பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது) ஊசி என்று கூடுதல் சேவைகளும் விலைப்பட்டியலில் வரும். குறைந்த இருப்பு உள்ளவர்களுக்கு இவை உறுதியாகப் பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. "இது இல்லாமல் செய்தால் என்ன வேறுபாடு?" என்று தயங்காமல் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் வழக்கம் உண்டென்றால், ஊசிச் சுற்றோடு அது மோதாமல் மருத்துவரிடம் பேசி மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா நாட்களில் ஆய்வகம் திறந்திருக்குமா என்பதையும் அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.