கியர் இல்லாத ஸ்கூட்டரை மேட்டில் ஆக்சிலேட்டரால் நிறுத்தாதீர்கள்

மேம்பாலத்தில் நெரிசல். பிரேக் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கியே வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தி வைக்கிறோம். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தோடு இணைக்கும், விடுவிக்கும் கிளட்ச் கெடுவது இங்கேதான்.

ஏன் என்று பார்ப்போம். இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரத்தின் பக்கம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் வி-பெல்ட் என்ற ரப்பர் பட்டை. வேகம் கூடினால் முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்புறம் ஓடி அதன் தட்டுகளை நெருக்கும். பெல்ட் முன்னே மேலேறும், பின்னே உள்ளே இறங்கும். கியர் மாற்றும் வேலை தானாக நடப்பது இப்படித்தான். கிளட்ச் பின்னால் இருக்கிறது. சுழற்சி கூடும்போது அதன் ஷூக்கள், அதாவது உராய்வுக் கட்டைகள், விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைக் கவ்வும். அரைகுறை ஆக்சிலேட்டரில் முழுதாகக் கவ்வாமல் உரசும். சூடேறி ஷூவின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். அப்புறம் கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும்.

அதனால் மேட்டில் பிரேக்கைப் பிடியுங்கள், கிளம்பும்போது தயங்காமல் முறுக்குங்கள். இன்ஜின் இரைந்தும் வேகம் ஏறவில்லையா? பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புல்லியில் பெல்ட் ஓடும் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்கூட படக்கூடாது.