நீச்சல் குளத்தை உப்புநீருக்கு மாற்றுவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் கொல்லைப்புற நீச்சல் குளங்கள் பலவும் உப்புநீர்க் குளங்கள்தாம். அவற்றில் குளோரின் கிடையாது என்று நம்பி மாறுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்த நம்பிக்கையில் மாறாதீர்கள். அங்கேயும் கிருமியைக் கொல்வது குளோரின்தான். குளோரினேட்டர் என்னும் மின்கருவியின் டைட்டானியத் தகடுகளில் மின்சாரம் பாயும்போது, கரைந்த உப்பிலிருந்து அது உண்டாகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலும் உப்பாகவே திரும்பிவிடுகிறது.

குளக்கரையில் மணற்கல் பதித்திருந்தால் பழைய முறையிலேயே இருங்கள். தெறிக்கும் உப்புநீர் காய்ந்து காய்ந்து கல்லை உதிர்த்துவிடும்.

படி 1: குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர்.

படி 2: நீரில் ஏற்கெனவே உள்ள உப்பை அளந்துகொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான். திரவக் குளோரின் ஊற்றிவந்த நன்னீர்க் குளத்திலும் ஆண்டுக்கணக்கில் உப்பு சேர்ந்திருக்கும். குளோரினேட்டரின் கையேடு லிட்டருக்கு 4 கிராம் கேட்கிறது, நீரில் 1 கிராம் இருக்கிறது என்றால், 144 கிலோ போதும். அளக்காமல் 192 கிலோ கொட்டிவிட்டால், நீரை வெளியேற்றித்தான் குறைக்க முடியும். (கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் கண் கரிக்குமோ என்று அஞ்ச வேண்டாம்.)

படி 3: குளோரினேட்டரை அணைத்து, பம்பை மட்டும் ஓடவிடுங்கள். அயோடின் சேர்க்காத குளத்து உப்பை ஓரமாக நடந்தபடி பரவலாகக் கொட்டுங்கள். அடியில் வெள்ளையாகக் குவியும் உப்பை நீண்ட பிரஷ்ஷால் கலைத்துவிடுங்கள். கானல்போல நீர் நெளிந்து நெளிந்து மேலெழும். முழுவதும் கரைய 24 மணி நேரம் கொடுத்துவிட்டு, பிறகு குளோரினேட்டரை இயக்குங்கள்.

படி 4: வாரம் ஒருமுறை பி.எச். அளவை, அதாவது நீரின் அமில-காரத் தன்மையைப் பாருங்கள். உப்புநீர்க் குளத்தில் அது ஏறிக்கொண்டே போகும். ஏற ஏறக் குளோரினின் வீரியம் குறையும். 7.2 முதல் 7.6 வரை நல்லது. மாதிரி நீரில் சோதனைச் சொட்டு விட்டதும் அடர்சிவப்பாக மாறினால் பி.எச். ஏறிவிட்டது, அதைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. வாளியில் முதலில் நீர், பிறகுதான் அமிலம். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் பழைய குளோரின் தூளை அமிலத்தின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை காட்டிய பிறகே பிள்ளைகளைக் குளத்தில் இறக்குங்கள்.