வக்யூம் ஹோஸ் கொழுவும்போது விடும் பிழைகள்

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு பழைய கார்களுக்கு மவுசு ஏறிவிட்டது. முப்பது வருடக் கொறோலாவைக்கூட இப்போது யாரும் இரும்புக்குக் கொடுப்பதில்லை. கழற்றிப் பூட்டி ஓடுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் ஹெட் காஸ்கற் மாற்றி, போல்ற் எல்லாம் அளவாக இறுக்கி முடித்த பிள்ளைகள், கடைசியில் மிஞ்சுகிற நாலைந்து சின்ன வக்யூம் ஹோஸில்தான், அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாய்களில்தான், திரும்பத் திரும்ப வழுக்கி விழுகிறார்கள். கழற்றுமுன் போட்டோ எடுப்பது, ரேப் சுற்றி இலக்கம் போடுவது எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

மப் சென்சரின் ஹோஸை அளவு பொருந்துகிறதென்று ஏதோவொரு நிப்பிளில் செருகுவது

எல்லாப் பிழையிலும் காசை அதிகம் தின்பது இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதனால்தான். ஏனென்றால் நாலு அங்குல ஹோஸுக்காக ஒரு எஞ்சினே பழுதாகிறது.

எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் திறந்து மூடும் துரொட்டில் பொடியைச் சுற்றி, ஒரே தடிப்பில் இரண்டு மூன்று நிப்பிள் (ஹோஸ் செருகும் முனை) இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. துரொட்டில் தகட்டுக்கு அப்பால், மனிபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) பக்கம் திறக்கும் நிப்பிளில், எஞ்சின் ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல் ஓடும்போதே பலமான உறிஞ்சல் இருக்கும். தகட்டின் விளிம்புக்குச் சற்று முன்னால் திறக்கும் நிப்பிளில் ஐடிலில் உறிஞ்சலே இராது. அக்சிலேற்றரை மெல்ல மிதித்துத் தகடு விளிம்பைத் தாண்டினால்தான் வரும். மப் சென்சர் (மனிபோல்ட் அழுத்தத்தை அளப்பது), பெற்றோல் பிரஷர் ரெகுலேற்றர், பிறேக் பூஸ்ரர் (பிறேக் பெடலை இலேசாக்குவது) மூன்றுக்கும் முதல் வகைதான் வேண்டும். இரண்டாவது வகை ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு), கரிக்குடுவை (பெற்றோல் ஆவியைப் பிடித்து வைப்பது) போன்றவற்றுக்கானது.

5ஏ-எஃப்ஈ எஞ்சின் பூட்டிய கொறோலா போன்ற கார்களில் உள்ளே போகும் காற்றை நேரே அளக்கும் கருவி கிடையாது. மனிபோல்டில் எவ்வளவு அழுத்தம் என்று மப் சென்சர் சொல்வதை வைத்துத்தான் ஈசியூ, அதாவது எஞ்சினின் கணினி, பெற்றோலை அளந்து விடுகிறது. அந்த ஹோஸை இரண்டாவது வகை நிப்பிளில் செருகினால், ஐடிலில் சென்சருக்கு வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே தெரியும். அக்சிலேற்றரை அடிவரை மிதித்திருக்கிறார்கள் என்று ஈசியூ நினைத்துப் பெற்றோலை வாரி இறைக்கும். கறுப்புப் புகை, நனைந்த பிளக், நின்று நின்று போகும் எஞ்சின்.

ஆளை ஏமாற்றுவது அடுத்த கட்டம். ரேஸ் பண்ணினால் அந்த நிப்பிளில் உறிஞ்சல் வந்துவிடும், சென்சரும் சரியாக வாசிக்கும், எஞ்சினும் நன்றாக ஓடும். உடனே "இன்ஜெக்ரர் ஒழுகுது" என்று முடிவு கட்டுகிறார்கள். முதலில் பிளக் மாறும். பிறகு இன்ஜெக்ரர் கழுவப் போகும். பிறகு கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த ஈசியூ ஒன்று பஸ்ஸில் வரும். இதற்கிடையில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். டிப்ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும், பெற்றோல் மணக்கும். அந்த ஒயிலோடு ஓடினால் பெயாரிங் தேயும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் இன்னும் இருக்கிற காரென்றால் அது சூடேறி உள்ளே உருகிப்போகும்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் கைப்பழக்கம் காபரேற்றர் காலத்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஓஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகள் அவை. அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் சத்தத்தைக் கேட்டு ஸ்குறூவைத் திருகுகிற முறை இங்கே செல்லாது. ஹோஸ் பிழையென்றால் ஈசியூவுக்குப் போகும் கணக்கே பிழை.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் ஐடிலில் நிற்க, ஹோஸைக் கழற்றி நிப்பிளில் விரலை வையுங்கள். விரலை இழுத்துப் பிடித்தால் மனிபோல்ட் நிப்பிள். ஒன்றும் தெரியாமல், ஐடிலைவிடச் சற்று ஏற்றியதும் இழுத்தால் மற்றது. மீற்றர் இருந்தால் இன்னும் நிச்சயம்: இந்த ரொயோற்றாக்களில் சாவி ஓனில், எஞ்சின் ஓடாதபோது மப் சென்சரின் சிக்னல் வயரில் 3.3 முதல் 3.9 வோல்ற் வரை நிற்கும். ஸ்ராட் பண்ணியதும் அது நன்றாக விழ வேண்டும். விழாவிட்டால் ஈசியூவைத் தொடாதீர்கள், ஹோஸைப் பாருங்கள். பிழையைத் திருத்திய பிறகு ஒயிலையும் ஒயில் பில்ரரையும் கட்டாயம் மாற்றுங்கள்.

இன்னொன்று. மப் ஹோஸில் ரீ (மூன்று வழி இணைப்பு) போட்டு வேறு எதற்கும் கிளை எடுக்காதீர்கள். சென்சர் மனிபோல்டைவிட மேலே இருக்க, ஹோஸ் தொய்யாமல் ஏறிப்போக வேண்டும். தொய்ந்த இடத்தில் பெற்றோல் ஆவி குளிர்ந்து தேங்கும்.

ரெகுலேற்றர் ஹோஸை மணந்து பார்க்காமல் கொழுவுவது

கழற்றிய ஹோஸுக்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் ரெகுலேற்றருக்குள் இருக்கும் டயபிறாம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது. ஹோஸில் குற்றமில்லை, ரெகுலேற்றரை மாற்றுங்கள். சரியாக இருந்தால், ஐடிலில் ஹோஸைக் கழற்றியதும் கேஜில் பெற்றோல் அழுத்தம் ஏறத்தாழ 0.5 பார் ஏறும்.

பிறேக் பூஸ்ரர் வால்வைத் திருப்பிப் போடுவது

வால்வில் உள்ள அம்பு எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். மாறினால் பெடல் கல்லாகிவிடும்.

ஹோஸைக் குறடால் இழுப்பது

முதலில் திருகி இளக்குங்கள். பழைய பிளாஸ்ரிக் நிப்பிள் ஒரே இழுவையில் முறியும்.

கிடைத்த ரியூபைப் போடுவது

சேலைன் ரியூப், மீன்தொட்டி ரியூப் எல்லாம் எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பிப்போய் அடைத்துவிடும். சின்ன ஹோஸ்கள் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீற்றர் உள்விட்டம். நிப்பிளில் 10 மில்லிமீற்றராவது ஏற வேண்டும். கலர் சிலிக்கன் ஹோஸ் சூட்டைத் தாங்கும், பெற்றோலையும் ஒயில் ஆவியையும் தாங்காது. ஆகவே ரெகுலேற்றருக்கும், ஒயில் ஆவி வெளியேறும் கிறாங்கேஸ் பிறீதருக்கும் அது வேண்டாம். பூஸ்ரருக்கு நூல் பின்னிய தடித்த ஹோஸ்தான். பழைய ஹோஸை வீசுமுன் உள்ளே பாருங்கள். சிலவற்றில் உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் நெல்மணியளவு துளைக்கட்டை ஒன்று ஒளிந்திருக்கும். அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும்.

ஐடில் ஸ்குறூவைத் திருகிக் காற்று ஒழுக்கை மறைப்பது

வேண்டாம்.

பெற்றோல் தெளித்து ஒழுக்குத் தேடுவது

சூடான எக்ஸோஸ்ருக்கு மேலே பெற்றோல் தெளிக்கிறவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். தண்ணீர் ஸ்பிறேயே போதும். ஒழுகும் இடத்தில் பட்டதும் ஐடில் மாறும். எந்த வகைக் கார் என்பதையும் மனதில் வையுங்கள். மப் சென்சர் காரில் ஒழுக்கு வந்தால் ஐடில் ஏறும். காற்றை அளக்கும் தட்டுள்ள பென்ஸ் 280ஈ போன்றவற்றில் கலவை மெலிந்து எஞ்சின் குலுங்கும். அவற்றில் ஒயில் மூடி இளகினாலே குலுங்கும்.

வக்யூம் கேஜ் யாழ்ப்பாணத்தில் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் நிற்க வேண்டும். அதே கார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் கிட்டத்தட்ட 6 அங்குலம் குறைத்துக் காட்டும், அது பழுதல்ல.

பொனற் ஸ்ரிக்கரை அழிப்பது

வக்யூம் ஹோஸ் போகும் வழி பெரும்பாலும் பொனற்றின் உட்புறத்திலேயே வரைந்து ஒட்டியிருக்கும். எழுத்து ஜப்பானிய மொழியென்றாலும் கோடு எல்லாருக்கும் புரியும். பெயின்ற் அடிக்கக் கொடுக்கும்போது அதற்கு மேல் ரேப் ஒட்டி மூடிக் கொடுங்கள்.