ராணிகளைப் பற்றி எழுதப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லிக் காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். தலைப்பு 'அரசாண்ட பெண்கள்'. பதினெட்டுப் பக்கம், அழகான கையெழுத்து. மூன்று பக்கம் வரை நன்றாகத்தான் போனது. நாலாம் பக்கத்தில் ஒரு வரியைப் படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அது என்ன வரி என்று பிறகு சொல்கிறேன்.

இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துக் கோயில் விழா மலர்களுக்கும் குடும்ப வரலாறுகளுக்கும் எழுதிக் கொடுக்கிறேன், அடுத்தவர் எழுதியதைத் திருத்தியும் கொடுக்கிறேன். ஒற்றுப் பிழை, இணையத்தில் கிடைத்ததை அப்படியே ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிறவை வேறு. அவற்றை நானும் செய்திருக்கிறேன்.

எல்லாருக்கும் 'ஆண்டார்' போடுவது

செம்பியன் மாதேவி கண்டராதித்த சோழரின் தேவி. கோனேரிராஜபுரம் போன்ற ஊர்களில் கற்றளி, அதாவது கல்லாலான கோயில், எடுத்தவர். குந்தவை ராஜராஜனின் அக்காள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்த பொன்னும் செப்புத் திருமேனிகளும் கல்வெட்டிலேயே இருக்கின்றன. இரண்டு பேருக்கும் பெரிய செல்வாக்கு இருந்தது, சொத்து இருந்தது. சிம்மாசனம் இல்லை. 'சோழ நாட்டை ஆண்ட குந்தவை' என்று எழுதினால் அவரை உயர்த்துவதாக நினைக்கிறோம். உண்மையில் அவர் செய்தது என்ன என்று பார்க்கிற வேலையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மங்கம்மாள் கதை வேறு. 1689இல் மகன் முத்துவீரப்பர் அம்மையில் போனார். பேரன் விஜயரங்க சொக்கநாதன் கைக்குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரில்தான் மங்கம்மாள் மதுரை நாயக்கர் அரசை நடத்தினார். பட்டம் பேரனுக்கு, பொறுப்பு பாட்டிக்கு. ஆனால் வரி, படை, தூது எல்லாம் அவர் கையில். 1697இல் திருவிதாங்கூர் மேல் படை போனது, 1700இல் தஞ்சை மேல். 1702இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு மோதி, படைத்தலைவரான தளவாய் நரசப்பையாவையே பறிகொடுத்தார். எனக்கு வருகிற கட்டுரைகளில் சாலையும் சத்திரமும் இருக்கும், இந்தத் தோல்வி மட்டும் இருக்காது. தோற்றதைச் சொல்லாவிட்டால் ஆட்சியாளராக எப்படிக் காட்டுவது? தர்மம் செய்கிற அம்மாளாக அல்லவா நின்றுவிடுகிறார்!

வாரங்கல்லை ஆண்ட காகதீய ருத்ரமாதேவி அப்பா கணபதிதேவருக்குப் பின் வாரிசாகவே அரியணை ஏறியவர். மார்க்கோ போலோ அவரை அரசனின் விதவை என்று எழுதிவைத்தார். மகள் அரசாளலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. டெல்லியில் ரசியா 1236 முதல் 1240 வரை ஆண்டார். காசில் பொறித்துக்கொண்டது 'சுல்தான்' என்ற பட்டத்தை. நாம்தான் 'சுல்தானா' ஆக்கிவிட்டோம்.

'தென்னாட்டு ஜான்சி ராணி'

வேலு நாச்சியாருக்கு இப்படி ஒரு பட்டம் போடுகிறார்கள். அவர் சிவகங்கையை மீட்டது 1780இல். இறந்தது 1796இல். ஜான்சியில் சண்டை நடந்தது 1857-58இல். நம் பக்கம் பேத்திக்குத்தான் அப்பத்தா பெயரை வைப்போம். அப்பத்தாவுக்குப் பேத்தி பெயரை வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

படம்

நாம் பார்க்கிற வேலு நாச்சியார் படங்கள் எல்லாம் பின்னால் வரைந்தவை. 'ஓவியரின் கற்பனை' என்று கீழே போடுங்கள்.

பெயரைப் பார்த்ததும் ஆளை முடிவு செய்வது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

அப்போது எனக்கு முப்பது வயசு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கும்பாபிஷேகம். மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பெரிய வீட்டில் பழைய தஸ்தாவேஜு இருக்கிறது என்றார்கள். போனேன். பங்காளிகளில் பாதிப்பேர் சென்னையில், மீதிப்பேர் மலேசியாவில். இரண்டாம் கட்டில் தனியாக இருந்த ஆச்சி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து முகப்பில் வைத்தார். "படிக்கத் தெரிஞ்சவுக யாரும் இங்க இல்லை தம்பி, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வட்டிச் சிட்டைகள், ஒரு மொய் நோட்டு, துணியில் முடிந்த நாலைந்து வெள்ளி ரூபாய், எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு பட்டா. மடிப்பு நெடுக ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. 'சிவகங்கை ராணி' என்று இருந்தது. அடுத்து ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் 'நாச்சியாரவர்கள்'. கீழே 'பிரபவ வருஷம் தை மாதம்'. அதன் பக்கத்தில் 'பசலி ௲௨௱௭௰௭'.

எனக்கு ஓட்டை தெரியவில்லை. அந்த இடத்தில் 'வேலு' என்ற இரண்டு எழுத்துதான் தெரிந்தது. சிவகங்கை, ராணி, நாச்சியார். வேறு யாராக இருக்க முடியும்?

௲௨௱௭௰௭ என்றால் 1277 என்று படிக்கத் தெரிந்தது. 1277 மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் என்பதும் தெரிந்தது. ஆகவே கணக்குப்பிள்ளை 7 எழுத வேண்டிய இடத்தில் 2 எழுதிவிட்டான், இது 1777 என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 1777இல் வேலு நாச்சியார் எங்கே இருந்தார்? 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் விழுந்த பிறகு, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் அல்லவா இருந்தார்! சிவகங்கை ஆற்காட்டு நவாப் கையில், பெயரே உசேன் நகர் என்று மாறிக் கிடந்த காலம். ஊரில் இல்லாதவர் பட்டா கொடுப்பாரா? உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

மலரில் நடுப்பக்கத்தில் பட்டாவின் படம். மேலே கொட்டை எழுத்தில் 'வீரமங்கை வேலு நாச்சியார் நம் ஊருக்கு அளித்த பட்டா'. ஆயிரம் பிரதி.

கும்பாபிஷேகத்தன்று அன்னதானப் பந்தலில் ரிட்டயர்டு கணக்குப்பிள்ளை ஒருவர், இலை போடுவதற்குள் மலரைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். சத்தம் போடவில்லை. ஒரே கேள்விதான். "தம்பி, பசலியில 590 கூட்டினீகளா?"

பசலி என்பது வரிக் கணக்கு ஆண்டு. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். தாலுகா ஆபீஸில் இன்றும் அதுதான் நடப்பு. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை உள்ள தேதி என்றால் 591. என் பட்டா தை மாதம். 1277உம் 591உம் 1868. வேலு நாச்சியார் இறந்து 72 வருஷம் ஆகியிருந்தது.

பசலி தெரியாமல் போகட்டும். பிரபவ தெரியுமே! அறுபது வருஷச் சக்கரத்தின் முதல் வருஷம். 1987இல் வந்தது. அறுபது அறுபதாகக் கழித்துக்கொண்டு போனால் 1927, 1867, 1807, 1747. 1780க்கும் 1796க்கும் நடுவில் பிரபவ வருஷமே கிடையாது. விரல் விட்டு எண்ணியிருந்தால் போதும். துணி முடிச்சில் இருந்த வெள்ளி ரூபாய்களைக்கூட நான் புரட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விக்டோரியாவின் தலையும் 'குயின்' என்ற எழுத்தும் அந்தப் பெட்டி எந்தக் காலத்தது என்று சொல்லியிருக்கும். 1877 முதல் அடித்த காசுகளில் அது 'எம்ப்ரெஸ்' ஆகிவிட்டது. (காசை வைத்துக் காலம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1862 என்று போட்ட ரூபாய் எல்லாம் 1862இல் அடித்தவை அல்ல. பல வருஷம் அதே ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள்.)

சரி, 1868இல் சிவகங்கை ராணி யார்? காத்தம நாச்சியார்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? மருதிருவரைத் தூக்கிலிட்ட 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிவகங்கையை கௌரி வல்லப உடையாத் தேவரிடம் ஜமீனாகக் கொடுத்தது. 1829இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் மகன் வழி, 'இது கூட்டுக் குடும்பச் சொத்து' என்று ஜமீனை எடுத்துக்கொண்டது. மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். அவருக்குப் பின் வழக்கைத் தூக்கிப் பிடித்தவர் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார். ஜில்லா கோர்ட்டில் தொடங்கி, கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை, முப்பது வருஷத்துக்கும் மேல். 1863இல் தீர்ப்பு வந்தது. குடும்பம் கூட்டாக இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபர் தனியாகப் பெற்றது, ஆகவே மனைவிக்கும் அடுத்து மகளுக்கும்தான் சேரும் என்றார்கள். 1877இல் இறக்கும் வரை சிவகங்கை அவர் கையில் இருந்தது. அந்தத் தீர்ப்பை இந்துச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

பக்கத்து ராமநாதபுரத்திலும் இதே கதை உண்டு. 1803இல் கம்பெனியிடம் ஜமீன் சனது (உரிமைப் பத்திரம்) பெற்றவர் ராணி மங்களேஸ்வரி நாச்சியார். பிற்காலத்தில் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கும் லண்டன் போய், செல்லும் என்று 1868இல் முடிந்தது. கணவன் சொல்லிவிட்டுப் போகாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று நிலைநாட்டிய வழக்கு அது. 'நாச்சியார்' ஒரு ஆளின் பெயர் அல்ல, மரியாதைச் சொல். மறவர் சீமை ராணிகள் அத்தனை பேருக்கும் பின்னால் அது வரும்.

வாள் எடுத்த ஒருவரைப் புகழ்கிறேன் என்று, வக்காலத்து போட்டு வென்ற இன்னொருவரை அவருடைய பட்டாவிலிருந்தே நான் துடைத்துவிட்டேன். எகிப்தை ஆண்ட ஹாட்செப்சூட் என்ற பெண்ணின் பெயரை அங்குள்ள கோயில் சுவர்களில் உளி வைத்துக் கொத்தியவர்களாவது வேண்டும் என்றே செய்தார்கள்.

அந்தப் பக்கம் இருந்த அச்சுப் பாரத்தை என் சொந்தச் செலவில் மறுபடி அச்சடித்தேன். மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஆனால் முந்நூறு பிரதி அதற்குள் மலேசியாவுக்குப் போய்விட்டது. அந்த வீட்டு முகப்பில் பட்டாவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், கீழே என் பழைய தலைப்போடு. ரெண்டு தடவை போய்ச் சொன்னேன். ஆச்சி இப்போது இல்லை. இருக்கிறவர்கள் "வேலு நாச்சியாரே இருக்கட்டும் சார், வர்றவங்களுக்குச் சொல்ல நல்லா இருக்கு" என்கிறார்கள்.

மாணவியின் நாலாம் பக்கத்தில் இருந்தது அந்த வரிதான். அடிக்குறிப்பில் மலரின் பெயர், பக்க எண், கட்டுரையாளர் என்று என் பெயர்.

"இது எழுதினது நீங்கதானே சார்?" என்றார்.

"நான்தாம்மா. தப்பு" என்றேன். பாவம், அதற்குமேல் கேட்கவில்லை.

முதல், முதல், முதல்

'முதல்' என்று எழுதினால் எதில், எங்கே என்று சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார் என்றால் பத்தில் எட்டுப் பேர் ஜெயலலிதா என்பார்கள். வி. என். ஜானகி. 1988 ஜனவரியில் மூன்று வாரச் சொச்சம்தான், ஆனாலும் அவர்தான். உலகின் முதல் பெண் பிரதமர் இந்திரா காந்தி அல்ல, 1960இல் இலங்கையில் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நிறைந்த நம் ஊரிலேயே இதைத் தப்பாக எழுதுகிறார்கள். நம் பக்கத்து 'முதல்' ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண்.

கதையும் காகிதமும்

மங்கம்மாள் இடது கையால் வெற்றிலை போட்டதற்குப் பிராயச்சித்தமாகச் சத்திரம் கட்டினார் என்பது கதை. வேலு நாச்சியார் படையில் இருந்த குயிலி நெருப்போடு ஆயுதக் கிடங்கில் குதித்தது வாய்வழி வந்தது. வேலு நாச்சியாரைக் காட்டிக்கொடுக்காமல் உயிர்விட்டதாக உடையாளைப் பற்றிக் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் சொல்வதும் அப்படியே. மூன்றையும் எழுதலாம். 'சொல்வார்கள்' என்று முடியுங்கள். 'ஆவணங்கள் கூறுகின்றன' என்று முடிக்காதீர்கள்.

தலைவரின் வீட்டுக்காரரைப் பேட்டி எடுப்பது

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1993இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016இல் பாதி ஆனது. அந்த மாணவி கடைசி இரண்டு பக்கத்தை இதற்கு ஒதுக்கியிருந்தார். எனக்குச் சந்தோஷம். 2019 கடைசியில் ஜெயித்து ஐந்து வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்த ஒரு அம்மாவின் பேட்டி. குடிதண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் விவரமாக இருந்தது. படிக்கப் படிக்க ஏதோ இடித்தது. "நான் நாமினேஷன் போட வைத்தேன்" என்று ஒரு இடத்தில் வந்தது.

"யார்ட்ட பேசினீங்க?"

"அவங்க வீட்டுக்காரர்ட்ட சார். அம்மா உள்ளே வேலையா இருந்தாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் பக்கத்தைக் கிழித்தவர், அவராகவே கடைசி இரண்டு பக்கத்தையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று போன் வந்தது. அந்த அம்மாவின் நம்பர் கிடைத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறாராம்.