சின்னச் சிவப்புக் கடற்பாசியைத் தாளில் பதித்து வைப்பது எப்படி?

பாசி ஒட்டி வளரக் கல் வேண்டும். சென்னைக் கரையோ பெரும்பாலும் மணல். அதனால் ராயபுரத்துக்கு வடக்கே தூண்டில் வளைவுக் (கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்வரிசை) கற்களிலோ கோவளத்திலோ தேடுங்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதன் பாறைகளில் கை வைக்க வேண்டாம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். ஓத அட்டவணை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) பார்த்து, வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கற்கள் வழுக்கும், தனியாகப் போகாதீர்கள்.

தேட வேண்டியது ஜெலிடியம் புசில்லம். ஒன்றிரண்டு செ.மீ. உயரம், கருஞ்சிவப்பு, கல்லின் மேல் புல்தரைபோல் அடர்ந்திருக்கும். தொட்டால் கொழகொழக்காது, நார்போல் விறைப்பாக இருக்கும். ஜெல்லிபோல் உறையும் அகர் அகர் எடுக்கப் பயன்படும் பாசிகளின் பேரினத்தைச் சேர்ந்தது இது. வெயில் படும் கல்லில் வெளிறிப்போயிருக்கும், நிழலான இடுக்கில்தான் நல்ல நிறம் கிடைக்கும்.

1. கட்டைவிரல் நக அளவு போதும். படர்ந்த அடித்தண்டோடு சேர்த்து மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். அடித்தண்டு இல்லாவிட்டால் இனம் காண்பது கடினம்.

2. இரண்டு லிட்டர் கடல்நீரும் பிடித்து வாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: குழாய்த் தண்ணீரில் போட்டால் செல்கள் வெடித்து, சிவப்பு நிறமியான ஃபைக்கோஎரித்ரின் கரைந்து வெளியேறும். தண்ணீர் இளஞ்சிவப்பானால் நிறம் போகிறது என்று பொருள். மணலும் குட்டி நத்தைகளும் உதிர, கடல்நீரிலேயே மூன்று முறை அலசுங்கள்.

3. தட்டில் இரண்டு செ.மீ. ஆழத்துக்குக் கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிடுங்கள். அடியில் கெட்டியான ஓவியத் தாளை நுழைத்து, தூரிகையால் கிளைகளைப் பிரித்து, ஒரு ஓரமாகச் சாய்த்து மெதுவாகத் தூக்குங்கள். வேகமாகத் தூக்கினால் எல்லாம் ஒரு கட்டியாகச் சுருண்டுவிடும்.

4. மேலே பழைய வேட்டித் துணி, மேலும் கீழும் செய்தித்தாள், அதன்மேல் ஐந்து கிலோ பாரம். முதல் நாள் செய்தித்தாளை மூன்று முறை மாற்றுங்கள், பிறகு தினம் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சை வந்துவிடும். வெயிலில் வைத்தால் நிறம் மங்கும், மின்விசிறி போதும்.

தாளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. மென்மையான பாசிகள் தம் பசையிலேயே ஒட்டும். இது விறைப்பானது என்பதால் காய்ந்ததும் பிய்ந்து நிற்கும். ஒரு துளி ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். இடம், தேதி, கல்லில் எந்த உயரம் என்பதைத் தாளின் மூலையில் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிவிடும்.